கியர் நாப்பு கடைசல்: காசு எங்க போகுது?

என் பழைய கரோலாவுல கியர் லீவர் தலையில நாப்பா ஒரு எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) உருண்டை மாட்டியிருக்கேன். 45 எம்.எம் விட்டம், லோகோ கிடையாது, எழுத்து கிடையாது, கியர் நம்பர் கூட கிடையாது, வெறும் உருண்டை. வண்டில ஏறுறவங்க எல்லாரும் முதல்ல அதைத் தான் தொடுவாங்க, தொட்ட கையோட "எவ்ளோ ஆச்சு?"ன்னு கேப்பாங்க, சொன்னா "அடப்பாவி, ஆன்லைன்ல முன்னூறு ரூவாய்க்கு கிடக்குதேடா"ன்னு சிரிப்பாங்க. சேலத்துல லேத்து பட்டறைக்கா பஞ்சம், ஒரு உருண்டை கடையறதுக்கு இவ்ளோவான்னு என் மாமாவே கேட்டுட்டாரு.

நியாயமான கேள்வி தான். நாலு வருஷமா இந்த மாதிரி சாமான் செஞ்சு வாங்கிட்டு இருக்கேன், நாப்பு, பெடல் பேடு, டயர் வால்வு மூடி, டோர் சில் பிளேட்டு (கதவுக்குக் கீழ படி மேல வர்ற தகடு), ஏசி வென்ட்டைச் சுத்தி ஒரு ரிங்குன்னு. எனக்குப் புரிஞ்சது என்னன்னா மெஷின் ஓடுற நேரத்துக்கு போற காசு ரொம்ப கம்மி. மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி அளவு எடுக்கறதுக்கும், மெஷின்ல இருந்து எறங்குனதுக்கு அப்புறம் கையில தேய்க்கறதுக்கும் தான் மொத்த காசும் போகுது. கியர்பாக்ஸ் உள்ள போற புஷ்ஷுக்கு (குழாய் மாதிரி ஒரு வளையம்) அளவு சரியா இருந்தா முடிஞ்சுது, மேல டூல் வரி, அதாவது டூல் வெட்டுன கோடு, தெரிஞ்சா யாரு பாக்கப் போறா? இது கண்ணுக்கு முன்னாடியே உக்காந்திருக்கு, வெயில் படற ஒவ்வொரு தடவையும் குத்தம் சொல்லிக் காட்டும்.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும், இன்னைக்கு காருல பளபளன்னு தெரியறது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை கெமிக்கல்ல அரிச்சு, அது மேல காப்பர், நிக்கல், கடைசியா குரோம்னு வரிசையா ஏத்துறாங்க. அந்த கடைசி குரோம் படலம் ஒரு மைக்ரான்ல பாதி கூட இருக்காது. பளபளப்பைக் குடுக்கறது அடியில இருக்கற நிக்கல், குரோம் அதுக்கு மேல போத்துன லேசான நீல நிற கண்ணாடி மாதிரி. 1920கள்ல கார்ல குரோம் வர்றதுக்கு முன்னாடி நிக்கலும் பித்தளையும் தான், நிக்கல் மஞ்சள் தட்டும், பித்தளையை தினம் தேய்க்கணும், அதனால குரோம் வந்த உடனே எல்லாரும் அதுக்குத் தாவிட்டாங்க. நம்ம அம்பாசடர்ல பாத்திருப்பீங்க, கைப்பிடி எல்லாம் கொப்புளம் கொப்புளமா பொங்கி இருக்கும். அது துத்தநாகக் கலவையில வார்த்தது, முலாம்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா போதும், அடியில இருக்கற துத்தநாகம் அரிச்சு முலாமை மேல தூக்கிடும். 2014ல அம்பாசடர் உற்பத்தியே நின்னு போச்சு, இன்னைக்கு அந்த வண்டிய வெச்சு பராமரிக்கறவங்க அந்த கைப்பிடிக்கு திரும்ப முலாம் பூசறதை விட எஸ்.எஸ்லயோ பித்தளையிலயோ புதுசா கடைஞ்சுக்கறது மேல்னு நான் சொல்லுவேன்.

முழு உலோகக் கட்டில இருந்து குடைஞ்சு எடுக்கற ஸ்டைல், அதாங்க பில்லெட்னு சொல்றது, 1980கள்ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் பழைய காரை மாத்திக் கட்டற ஆளுங்க கிட்ட இருந்து வந்தது. அதுல பாய்ட் காடிங்டன் பேரு பெருசு, அவரு அடிப்படையில ஒரு மெஷினிஸ்ட், அலுமினியக் கட்டில இருந்து வீலையே குடைஞ்சு எடுத்த ஆளு. சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின், விலை எறங்க எறங்க அந்த ஸ்டைல் நாப்பு, மூடி, பெடல்னு சின்ன சாமானுக்கெல்லாம் வந்துடுச்சு.

சரி, எதுல செய்யறது. மூணு உலோகம் தான் பேச்சுல வரும், அலுமினியம், எஸ்.எஸ், பித்தளை.

சேலத்துக்காரனுக்கு அலுமினியம்னா ஒரு தனிக் கதை இருக்கு. ஏற்காட்டு மலை உச்சியில கிடைக்கற பாக்சைட்டும் (அலுமினியத் தாது) கொல்லிமலை பாக்சைட்டும் மேட்டூர்ல மால்கோங்கற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குப் போய் அலுமினியமா ஆயிட்டு இருந்தது, 1960கள்ல ஆரம்பிச்சு 2008 கடைசி வரைக்கும் அந்த உருக்காலை ஓடுச்சு. மேட்டூர்ல ஏன் வெச்சாங்கன்னா கரண்டு. ஒரு டன் அலுமினியம் எடுக்க சுமாரா 14,000 யூனிட் கரண்டு வேணும், பக்கத்துல டேம் இருக்கு. இன்னைக்கு நம்ம கையில வர்ற ராடு எங்கெங்கயோ இருந்து வருது, ஆனா கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வெளிய செம்மண்ணையும் வண்டில இருக்கற அலுமினியச் சாமானையும் மாத்தி மாத்தி பாக்கறப்ப எனக்கு இது ஞாபகம் வந்துடும்.

பட்டறையில அலுமினியம்னு மொட்டையா கேட்டா எதையாவது எடுத்துக் குடுப்பாங்க. கிரேடு சொல்லிக் கேக்கணும். 6061-டி6, இல்ல நம்மூர்ல எச்.இ.30ன்னு சொல்ற ராடு கேளுங்க, டூலுக்கு நல்லா வெட்டுப்படும், கலர் அனோடைசிங்கும் (கரண்டு விட்டு கலர் ஏத்தறது, பின்னாடி சொல்றேன்) ஒழுங்கா எடுக்கும். 6063 கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், ஆனா கலர் இன்னும் அழகா வரும். பழைய பிஸ்டனை உருக்கி வார்த்த கட்டிய மட்டும் வாங்கிடாதீங்க, அதுல சிலிக்கான் ஜாஸ்தி, அனோடைசிங் போட்டா சாம்பல் பூசுன மாதிரி திட்டு திட்டா நிக்கும்.

எஸ்.எஸ்னா நம்ம ஊரு பேரே முத்திரை. சேலம் ஸ்டீல் பிளான்ட்டுக்கு 1970 செப்டம்பர்ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1981ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க. ஆனா ஒரு குழப்பம் எல்லாருக்கும் இருக்கு. அங்க பேர் போனது தகடும் காயிலும், நாப்பு கடையற உருண்டை ராடு கிடையாது. அதனால டோர் சில், டேஷ்போர்டு பட்டைன்னு தட்டையா செய்யறதுக்கு தகடு சரி, கடைசலுக்கு ராடு தனியா தான் வாங்கணும். தகடு வாங்கும்போது ஃபினிஷ் பேரு சொல்லி வாங்குனா தேய்க்கற வேலை பாதி மிச்சம், 2பின்னா மங்கலான சாம்பல், பிஏன்னா பிறக்கும்போதே பளபளப்பு, நம்பர் 4ன்னா ஒரே திசையில கோடு போட்ட மாதிரி, நம்பர் 8ன்னா கண்ணாடி.

அப்புறம் இந்த காந்தம் வெச்சுப் பாக்கற பழக்கம். "ஒட்டலைங்க, அப்ப நல்ல எஸ்.எஸ்"னு கடைக்காரர் சொன்னா தலையாட்டிட்டு வந்துடாதீங்க. எஸ்.எஸ்ல 304ங்கற கிரேடும் ஒட்டாது, 202ங்கற மட்டமான கிரேடும் ஒட்டாது. 304ல நிக்கல் சுமாரா 8 சதவீதம், 202ல அதுல பாதி பக்கம் தான், மிச்சத்துக்கு மாங்கனீசு போட்டு சமாளிச்சிருப்பாங்க, வாங்கும்போது ரெண்டும் ஒரே மாதிரி தான் மின்னும், ஒரு மழைக்காலம் போனதும் 202ல டீத்தூள் தூவுன மாதிரி பழுப்புப் புள்ளி வரும். காந்தம் 430 மாதிரி ஒட்டற கிரேடைத் தான் காட்டிக் குடுக்கும். 202ஐ கண்டுபிடிக்க ஒரு சொட்டு கெமிக்கல் விட்டு நிறம் மாறுதான்னு பாப்பாங்க, நல்ல பழைய இரும்புக் கடையிலயே அது இருக்கும்.

எடை வேற விஷயம். 45 எம்.எம் உருண்டைய அலுமினியத்துல செஞ்சா 130 கிராம் பக்கம் வரும், அதே அளவு எஸ்.எஸ்ல 380 கிராம், பித்தளையில 400ஐ தாண்டும். கனமான நாப்புல கியர் விழறதே வேற மாதிரி இருக்கும், நாம தள்ளி விட்டா போதும், மிச்ச தூரத்தை அந்த எடையே இழுத்துட்டுப் போயிடும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாவதுக்கு எறங்கணும், திரும்ப மூணுக்கு போடணும், சில எடத்துல எதுக்க பஸ்ஸு வந்தா ஒண்ணாவதுக்கே போகணும். பிளாஸ்டிக் நாப்போட ஒரு தடவை, எஸ்.எஸ் நாப்போட ஒரு தடவை ஏறிப் பாத்தா வித்தியாசம் மணிக்கட்டுல தெரியும்.

ஆனா வெயில்! ஏப்ரல் மாசம் மத்தியானம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிய நிறுத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கியரைப் பிடிச்சா கை சுட்டுடும். இதுல அலுமினியம் தான் மோசம், அலுமினியம் வெப்பத்தை எஸ்.எஸ்ஸை விட பத்து மடங்கு வேகமா கடத்தும், ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தாலும் அலுமினியம் பட்டுன்னு கைக்கு ஏத்திடும். நான் நாப்பு மேல ஒரு கைக்குட்டைய போட்டுட்டு எறங்கறேன், எங்க வீட்டுல "இதுக்கு தான் அவ்ளோ காசு குடுத்தியா"ன்னு பேச்சு வாங்கறேன்.

இனி அளவு. இதுல தான் நான் நல்லா அடி வாங்குனது.

கரோலா லீவர்ல இருக்கற மரை 12 எம்.எம், 1.25 பிட்ச், அதாவது ஒரு மரை வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல 1.25 எம்.எம். டொயோட்டாவுல நெறைய வண்டிக்கு இது தான், ஹோண்டாவுல 10 எம்.எம், 1.5 பிட்ச். இது எனக்கு அப்ப தெரியாது. முதல் தடவை ஒரு பட்டறையில (பேரு வேணாம், அண்ணன் நல்ல மனுஷன்) பழைய நாப்பைக் கூட கழட்டிட்டுப் போகாம "12 எம்.எம் மரைண்ணா"ன்னு வாயால சொல்லிட்டு வந்துட்டேன். 12 எம்.எம்னு சொன்னா பட்டறையில கை தானா போறது 1.75 பிட்ச் டேப்புக்கு (ஓட்டைக்குள்ள மரை வெட்டற டூல்) தான், சாதாரண போல்ட்டு எல்லாம் அது தானே. அவரும் அதையே போட்டுட்டாரு. மாட்டும்போது ஒன்றரை சுத்து அழகா போச்சு, அப்புறம் இறுகுச்சு, நான் புது மரை அப்படித் தான் இருக்கும்னு துணிய சுத்திப் பிடிச்சு இன்னும் ஒரு திருகு திருகுனேன் பாருங்க. லீவர் மரை மூணு வரி நசுங்கிப் போச்சு. அப்புறம் 1.25 டை (கம்பி மேல மரை வெட்டற டூல்) வாங்கி லீவர் மேல ஓட்டி மரையை மீட்டு எடுத்தோம், நாப்பு உள்ள பெருசா குடைஞ்சு பித்தளை புஷ் இறக்கி அதுல சரியான மரை போட்டோம். உருண்டை கடைஞ்ச நேரத்தை விட இந்த ரிப்பேருக்கு ஆன நேரம் ரெண்டு மடங்கு.

டேப் போடறதுக்கு முன்னாடி போடற ஓட்டைக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, விட்டத்துல இருந்து பிட்ச்சைக் கழிச்சா ட்ரில் சைஸ். 12ல 1.25 போனா 10.75. 1.75க்கு 10.25. அரை எம்.எம் தானேன்னு தோணும், ஆனா தப்பான மரையை ஒரு தடவை வெட்டிட்டா அதுலயே சரியான மரையை திரும்ப வெட்ட வழியே இல்ல. இப்பல்லாம் பிட்ச் கேஜ் ஒண்ணு டேஷ்போர்டு டப்பாவுல கிடக்கு, நூறு இருநூறு ரூவா சாமான். அந்த அண்ணனும் இப்ப யாரு வந்தாலும் "பழைய பீஸை கொண்டாங்க தம்பி, இல்லைனா வண்டிய கொண்டாங்க"ன்னு தான் சொல்றாரு.

மெஷின்ல ஏத்துனதுக்கு அப்புறம் உள்ள கதை சீக்கிரம் முடிஞ்சுடும். ஒரு பீஸ் கடையறதுக்கும் நூறு பீஸ் கடையறதுக்கும் செட்டிங் ஒண்ணு தான், புரோகிராம் எழுதி, டூல் முனை எங்க இருக்குன்னு மெஷினுக்கு அளவு குடுத்து, பீஸைப் பிடிக்கற தாடையை அதோட அளவுக்கு குடைஞ்சு, முதல் பீஸ் ஓட்டிப் பாக்கணும், அந்த அரை நாள் கூலி நூறு பேர் தலையில விழுந்தா தெரியாது, உங்க ஒருத்தர் தலையில விழுந்தா தெரியும். முன்னூறு ரூவா ஆன்லைன் நாப்போட ரகசியம் பாதி இது தான். மீதி, அது நெறைய எடத்துல வார்ப்பு மேல முலாம்.

எஸ்.எஸ்ல ஒரு வம்பு உண்டு. டூல் வெட்டணும், தேய்க்கக் கூடாது. மழுங்குன ட்ரில்லை வெச்சு பயந்து பயந்து மெதுவா அழுத்துனா அந்த எடம் அப்படியே இறுகிப் போயி அடுத்த ட்ரில்லையும் தின்னுடும். அலுமினியத்துக்கு நேர் எதிர் வம்பு, டூல் முனையில போய் ஒட்டிக்கும், அதுக்கு பழைய ஆளுங்க மண்ணெண்ணெய் சொட்டு விடுவாங்க, வெட்டுன எடம் கண்ணாடி மாதிரி வரும்.

டூல் வரிக்கும் ஒரு கணக்கு சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது. டூல் முனையோட ரேடியஸ் 0.4 எம்.எம், ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம், அதாவது ஃபீட், 0.1 எம்.எம்னா மேல நிக்கற வரியோட உயரம் 3 மைக்ரான் பக்கம் வரும். ஃபீட்டை பாதியாக்குனா உயரம் பாதியா குறையாது, கால்வாசியா குறையும், 0.8 மைக்ரான். ஆஹா அப்ப ஃபீட்டை இன்னும் குறைச்சா பாலிஷே வேணாமேன்னு தோணும், ஆனா ஒரு அளவுக்கு கீழ போனா டூல் வெட்டாம தேய்க்க ஆரம்பிச்சுடும், எஸ்.எஸ்ல திரும்ப அந்த பழைய வம்பு. அதோட, கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலை நீளமே 0.4ல இருந்து 0.7 மைக்ரான் தான், கீறல் அதை விட நல்லா சின்னதா ஆனா தான் முகம் தெரியும். சாதாரண கடைசல்ல அது வராது. கையில தான் தேய்க்கணும்.

இங்க தான் சேலத்தோட பலம். செவ்வாப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை தலைமுறை தலைமுறையா நடக்குது, மெருகு போடற கை இந்த ஊருல இருக்கு. எனக்கு பாலிஷ் போட்டுக் குடுத்தவரும் கொலுசு வேலையில இருந்து வந்தவரு தான். வெள்ளி மெத்துன்னு இருக்கும், எஸ்.எஸ் பிடிவாதம், ஆரம்பத்துல ஒத்து வரலைன்னு சொன்னாரு. 120 நம்பர் எமரில (நம்பர் ஏற ஏற நைசு) ஆரம்பிச்சு 220, 400, 600னு போறாரு, ஒவ்வொரு நம்பருக்கும் பீஸைத் திருப்பி போன தடவை தேய்ச்சதுக்கு குறுக்கா தேய்ப்பாரு, பழைய கோடு ஒண்ணு விடாம மறைஞ்சாத் தான் அடுத்த நம்பர். நடுவுல ஒரு நம்பரைத் தாவினா அந்த எமரியோட கோடு அங்கேயே உக்காந்துக்கும், பஃப் (சுத்தற துணி வீல்ல மெருகு) போட்டு பளபளன்னு ஆனதும் தான் கண்ணுக்குத் தெரியும், திரும்ப முதல்ல இருந்து வரணும். அப்புறம் நார் வீல், அதுக்கப்புறம் துணி வீல்ல பச்சை பாலிஷ் கட்டி.

முடிஞ்சதும் அவரு பாக்கற விதம் இருக்கே. பீஸை டியூப்லைட்டுக்கு கீழ பிடிச்சு மெதுவா உருட்டுவாரு, டியூப்லைட்டோட பிம்பம் ஒரே கோடா வழுக்கிட்டுப் போகணும், எங்கயாவது நெளிஞ்சா அந்த எடத்துல நகத்தை வெச்சு "இங்க பள்ளம்ங்க தம்பி"ம்பாரு. நான் எவ்ளோ பாத்தும் எனக்குத் தெரியல. சாயங்காலம் வெயில்ல வண்டில வெச்சுப் பாத்தப்ப தெரிஞ்சுது.

அளவுக்கு மேல பஃப் போட்டாலும் கெட்டுடும். ஓரம் மழுங்கிடும், சோப்புக் கட்டி கரைஞ்ச மாதிரி ஆயிடும், ஓட்டைக்கோ எழுத்துக்கோ பின்னாடி வால் நட்சத்திரம் மாதிரி ஒரு இழுப்பு விழும். பெடல் பேடுல நான் அதைப் பாத்து தான் அடுத்ததுக்கு எழுத்தே வேணாம்னு விட்டேன். பெடல் பேடுக்கு மினுக்கலே வேணாம்ங்கறது தனி, மழையில ஈரச் செருப்போட கண்ணாடி மாதிரி பிரேக்கை மிதிச்சுப் பாருங்க, அடுத்த நாளே கழட்டிடுவீங்க.

கலர் வேணும்னா அனோடைசிங், அது அலுமினியத்துக்கு மட்டும். பெயின்ட்டு மாதிரி மேல பூசறது கிடையாது, சல்ஃபியூரிக் ஆசிட்ல போட்டு கரண்டு விட்டா அலுமினியத்தோட தோலே ஆக்சைடா மாறி வளரும், அதுல இருக்கற நுண்ணிய துளைக்குள்ள சாயம் எறங்கும், கடைசில கொதிக்கற தண்ணில போட்டு துளையை மூடுவாங்க. படலம் பாதி உள்ள, பாதி வெளிய வளரும், 20 மைக்ரான் படலம்னா விட்டம் 20 மைக்ரான் கூடும். மரைக்கு அது இன்னும் அதிகமா இறுக்கும், அதனால மரையை அடைச்சுட்டு போடச் சொல்லணும், நான் கோயம்புத்தூர்ல குடுத்தப்ப இதை முதல்லயே எழுதிக் குடுத்துட்டேன். சிவப்பும் ஊதாவும் வெயில்ல வெளுக்கும், கருப்பு தாங்கும். ஆனா ஒண்ணு, அனோடைசிங் கீறலை மறைக்காது, முன்னாடி தேய்ச்ச லட்சணம் கலரோட சேர்ந்து அப்படியே தெரியும்.

எங்க மாட்டக் கூடாதுன்னும் சொல்லிடறேன். ஸ்டீரிங் நடுவுல மெட்டல் எம்ப்ளமோ கல்லு வெச்ச ஸ்டிக்கரோ ஒட்டவே ஒட்டாதீங்க, ஏர்பேக் வெடிச்சு வரும்போது அது நேரா முகத்துக்கு வரும், அமெரிக்காவுல அப்படி ஒருத்தருக்கு கண்ணே போயி, அங்க அரசாங்கமே 2024ல எச்சரிக்கை விட்டாங்க. பம்பருக்கு முன்னாடி மாட்டற கம்பி கார்டும் அப்படித் தான், 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைக் காட்டி மாநிலங்களுக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லிட்டாங்க. வீல் ஸ்பேசரை (வீலை வெளிய தள்ளி வெக்க நடுவுல போடற வட்டு) தெருமுனை லேத்துல கடையச் சொல்றவங்களைப் பாத்தா எனக்கு வயிறு கலங்கும், அது அலங்காரம் கிடையாது, மொத்த வண்டியும் அது மேல நிக்குது.

கடைசியா டயர் வால்வு மூடி. இருக்கறதுலயே சின்ன சாமான், ஆசைக்கு அலுமினியத்துல நாலு கடைஞ்சு, வெளிய நர்லிங் (கைக்குப் பிடி கிடைக்க சொரசொரப்பு வரி) போட்டு, கருப்பு அனோடைசிங் பண்ணி மாட்டுனேன், பாக்க அம்சமா இருந்துச்சு. வால்வு தண்டு பித்தளை. பித்தளையும் அலுமினியமும் ஒண்ணையொண்ணு தொட்டுட்டு இருக்கற எடத்துல ஈரம் சேர்ந்தா அது குட்டி பேட்டரி மாதிரி தான், அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா மரைக்குள்ள அடைச்சுக்கும். அனோடைசிங் காப்பாத்தும்னு நினைச்சேன், மரையை அடைச்சுட்டு போடச் சொன்னது நான் தானே, உள்ள படலமே இல்ல. டிசம்பர் ஜனவரி ரெண்டு மாசம் வாராவாரம் ஏற்காடு போயி பனியில நனைச்சேன், அப்புறம் காத்து அடிக்கப் போனா ஒண்ணும் கழலல. மூணு மூடிய பிளேயர்ல பிடிச்சு, எண்ணெய் விட்டு, நர்லிங் எல்லாம் பிஞ்சு போக கழட்டுனோம். நாலாவது திருப்புனா தண்டே சேர்ந்து திரும்புது. "விடுங்க, டயர் மாத்தறப்ப வால்வோட சேத்து வெட்டிக்கலாம்"னு டயர் கடை அண்ணன் சொல்லிட்டாரு. இப்ப மூணு டயர்ல பிளாஸ்டிக் மூடி, ஒண்ணுல மட்டும் அந்த கருப்பு அலுமினியம், பின்னாடி இடது பக்கம்.